வாழைத்தார் வண்டி ஏறிய பிறகு

‘மதிப்புச் சங்கிலி’ என்ற சொல்லை இப்போது வங்கிக் கடன் விண்ணப்பத்தில்கூடப் பார்க்க முடிகிறது. நம் சங்கக் குடும்பங்களைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் நாக்பூரில் வாழைப்பழம் பழுக்க வைக்கும் குளிர் அறை ஒன்று கட்டித் தொழில் தொடங்க எண்ணியிருக்கிறார்கள். அவர்களுடைய திட்ட அறிக்கையில் அந்தச் சொல் ஏழெட்டு இடங்களில் வருகிறது. “அங்கிள், இதற்கு என்ன அர்த்தம்? எங்கள் பணம் இதில் எந்த இடத்தில் நிற்கிறது?” என்று என்னிடம் கேட்டார்கள். அவர்களில் ஒருவருடைய தந்தை தம் பணிக்கொடைப் பணத்தை இதில் போடப் போகிறார். ஆகவே வாய்வார்த்தையாக ஏதோ சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. எழுதியே தந்துவிடலாம் என்று ஆசிரியரிடம் சில பக்கங்கள் கேட்டு வாங்கினேன். வீட்டுக்குப் பழம் வாங்கும் மற்ற அன்பர்களுக்கும் இதில் கொஞ்சம் விஷயம் உண்டு.

நான் விவசாயி அல்லன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து 1984-இல் ரயில்வேயில் சேர்ந்தேன். பயணிகள் பெட்டிகளையும் வேகன்களையும் சோதித்துப் பழுது பார்க்கும் பிரிவில் 38 ஆண்டுகள் வேலை பார்த்து 2022-இல் ஓய்வு பெற்றேன். அதில் பெரும்பகுதி புசாவலில் கழிந்தது. புசாவலில் குடியிருந்துவிட்டு வாழையைப் பற்றித் தெரியாது என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். அங்கிருந்து கண்ட்வா போகும் பாதையில் சாவ்டா, நிம்போரா, ராவேர் என்று வரிசையாக ஸ்டேஷன்கள் வரும். ஜன்னலுக்கு வெளியே இரு பக்கமும் வாழைதான். வடக்கே சாத்புரா மலை, தெற்கே தாப்தி ஆறு. நடுவில் கரிசல் மண். ராவேர், யாவல், சோப்டா வட்டாரங்களின் செல்வம் எல்லாம் இந்த மண்ணில்தான்.

முன்பு அங்கே பஸ்ராய் என்ற குட்டை ரகமே அதிகம். 1990-களிலிருந்து திசு வளர்ப்பில் உருவான கிராண்ட் நைன் கன்றுகளும் சொட்டு நீர்ப் பாசனமும் பரவின. நட்ட 11, 12 மாதத்தில் தார் வெட்டலாம் என்ற நிலை வந்தது. ஜல்காவ் வாழைக்கு 2016-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இவ்வளவு இருந்தும் அந்த விவசாயியின் வருமானம் தோட்டத்தோடு முடிவாவதில்லை. தார் வண்டி ஏறிய பிறகு நடப்பவைதான் அவருக்கு அடுத்த ஆண்டு என்ன விலை கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

சொல்லும் பொருளும்

மதிப்புச் சங்கிலி என்ற கருத்தை 1985-இல் மைக்கேல் போர்ட்டர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் தம் நூலில் விளக்கிப் பரப்பினார். அவர் எழுதியது ஒரு கம்பெனிக்குள் நடக்கும் வேலைகளைப் பற்றி. பிறகு அதை வயல் முதல் வாய் வரை நீட்டிவிட்டார்கள். சரக்கு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவதை மட்டும் பார்த்தால் அது வழங்கல் சங்கிலி. ஒவ்வொரு கையிலும் அந்தச் சரக்குக்கு என்ன செலவு ஏறுகிறது, வாங்குபவர் கூடுதலாகக் காசு கொடுக்கும்படி என்ன நன்மை சேர்கிறது, அந்தக் கூடுதல் காசு யாரிடம் தங்குகிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அது மதிப்புச் சங்கிலி. செலவு ஏறுவதும் மதிப்பு ஏறுவதும் ஒன்றல்ல. நாலு முறை ஏற்றி இறக்கினால் கூலி ஏறும். பழத்துக்கு மதிப்பு ஏறாது, காயம்தான் ஏறும்.

ஜல்காவ் வாழை நம் தெரு வண்டிக்கு வருவதற்குள் எத்தனை கைகள் என்று பாருங்கள். விவசாயி, தார் வெட்டும் கூலிக் குழு, ஊரில் விலை பேசும் வியாபாரி, லாரி அல்லது ரயில், நகரத்துக் கமிஷன் மண்டி, பழுக்க வைப்பவர், கடைக்காரர் அல்லது தள்ளுவண்டிக்காரர். இதில் ‘இடைத்தரகர்’ என்று நாம் எளிதாகத் திட்டிவிடும் வியாபாரி முன்பணம் கொடுக்கிறார், ஆள் அனுப்பி வெட்டுகிறார், வழியில் அழுகினால் நஷ்டத்தைத் தாங்குகிறார். அவரை நீக்கிவிட்டால் இந்த மூன்றையும் வேறு யாராவது செய்தாக வேண்டும். விவசாயிக்கு உறுத்துவது வேறு இடம். எந்த விலை எந்த அடிப்படையில் அன்று அறிவிக்கப்பட்டது, தாரின் தண்டுக்கு எவ்வளவு எடை கழித்தார்கள், எந்தத் தாரை ‘இரண்டாம் தரம்’ என்று ஒதுக்கினார்கள் என்பவை வாசலில் நின்று வாய்ப்பேச்சில் முடிகின்றன. தண்டு மட்டுமே தாரின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வரும். கழிவு சரியாக இருக்கிறதா என்று தராசு தெரிந்தவனுக்குத்தான் தெரியும்.

பழம் மூச்சு விடுகிறது

எந்தப் பழத் தொழிலில் இறங்குவதானாலும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தப் பழம் பறித்த பிறகு பழுக்குமா, பழுக்காதா என்பது. வாழை, மா, பப்பாளி, சப்போட்டா, தக்காளி ஆகியவை பறித்த பிறகும் பழுக்கும். திராட்சை, மாதுளை, நம் ஊர்ப் புகழ் பெற்ற நாக்பூர் ஆரஞ்சு ஆகியவை பறித்தபோது எவ்வளவு இனிப்போ அவ்வளவுதான். ஆரஞ்சை அறையில் வைத்து வாயு விட்டால் தோலின் நிறம் மாறும்; சுளை இனிக்காது. “வாழை இல்லாத மாதத்தில் அதே அறையில் ஆரஞ்சைப் பழுக்க வைக்கலாம்” என்று திட்ட அறிக்கையில் ஒரு வரி இருந்தது. யாரோ ஒரு கன்சல்டன்ட் எழுதிக் கொடுத்தது. அதை அடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

முற்றிய பச்சை வாழைக்காயின் சதையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. பழுக்கும்போது அது பெரும்பாலும் சர்க்கரையாகிறது. அந்த நேரத்தில் காய் வேகமாக மூச்சு விடுகிறது, கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது, வெப்பமும் வெளிவருகிறது. இந்த மாற்றத்தைத் தூண்டுவது எத்திலீன் என்ற வாயு. அதைப் பழமே உண்டாக்கிக்கொள்ளும். ஒரு தார் மஞ்சளானால் அதன் எத்திலீன் பக்கத்துத் தார்களையும் எழுப்பிவிடும். நம் பக்கம் தாத்தாக்கள் குழி தோண்டித் தாரை அடுக்கிப் புகை மூட்டம் போட்டார்களே, அந்தப் புகையிலும் எத்திலீன் உண்டு. பெயர் தெரியாமலே சரியான வேலையைச் செய்தார்கள்.

வெப்பநிலைதான் இதற்குக் கடிவாளம். பச்சையாகவே பாதுகாக்க 13 முதல் 14 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே போனால் காய் குளிர்க் காயம் பட்டுத் தோல் மங்கிக் கறுக்கும். பிறகு ஒழுங்காகப் பழுக்காது. வீட்டு ஃபிரிட்ஜில் வாழைப்பழம் கறுப்பதும் இதனால்தான். மாறாக, 25 டிகிரிக்கு மேலே வெகுநேரம் இருந்தால் கிராண்ட் நைனின் உள்சதை குழைந்துவிடும், தோல் மட்டும் பச்சையாகவே நிற்கும். ஜல்காவில் மே மாதம் 45 டிகிரி. ஜனவரி இரவில் சில நாள் 10-க்குக் கீழே. தோட்டத்திலேயே இரண்டு தொல்லையும் உண்டு.

ரயிலில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் தார்களை வாழை இலை பரப்பி மூடிய வேகன்களில் அடுக்கி தில்லிக்கு அனுப்புவார்கள். புசாவலிலிருந்து தில்லி சுமார் 1,100 கிலோமீட்டர். வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரை இடுக்குகளில் கொஞ்சம் காற்றாவது போகும். நின்றுவிட்டால் அது இரும்பு அடுப்பு. 1990-களில் ஒரு மே மாதம், இடையில் ஒரு பெரிய யார்டில் வாழை ஏற்றிய ரேக் ஒன்றைப் பாதை இல்லை என்று 19 மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். ஒரு வேகனின் சோதனைக்காக நான் போயிருந்தேன். கதவருகே போனதுமே இனிப்பு வாசனை. பச்சையாக ஏற்றியது உள்ளே மஞ்சளாகிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. கூட வந்திருந்த கூட்டுறவுச் சங்கத்தின் ஆள் கதவைத் திறக்கவில்லை. வேகனின் நிழலில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டார். அந்த வாரம் லாரிக்கு மாறிய விவசாயிகளை யாரும் குறை சொல்ல முடியாது. லாரி வாடகை அதிகம்தான், ஆனால் எந்த நாளில் போய்ச் சேரும் என்று சொல்ல முடிந்தது. அழுகும் சரக்குக்கு வேகத்தைவிட இந்த நிச்சயம் முக்கியம்.

பிறகு காற்றுப் போக்கு உள்ள 23 டன் பார்சல் வேன்கள் வந்தன. 2020 ஆகஸ்ட் 7-ஆம் தேதி தேவ்லாலியிலிருந்து பீகாரின் தானாபூருக்கு முதல் கிசான் ரயில் புறப்பட்டது. பழம், காய்கறிகளுக்குக் கட்டணத்தில் பாதியை மத்திய அரசு மானியமாகக் கொடுத்தது. ராவேர், சாவ்டாவிலிருந்தும் ஆசாத்பூர் மண்டிக்குப் பக்கத்து ஸ்டேஷனான தில்லி ஆதர்ஷ் நகருக்கு வாழை போயிற்று. நல்ல காரியம். ஆனால் மானியம் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும் பொருள். அதை நிரந்தர வருமானமாகக் கணக்கில் எழுதிக்கொண்டு கடன் வாங்கக் கூடாது.

சேதம் யார் தலையில்?

இப்போது சிலேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் ரூபாய்கள் கணக்கு புரிவதற்காக நானாக வைத்தவை. இன்றைய சந்தை விலை அல்ல.

100 கிலோ காய், கிலோ 12 ரூபாய் வீதம் விவசாயிக்கு 1,200. வெட்டுக் கூலி, ஏற்று கூலி 100. வண்டி வாடகை 400. பழுக்க வைக்க 200. ஆக 1,900 ரூபாய். வழியில் 5 கிலோ மட்டும் வீணானால் மிச்சம் 95 கிலோ. ஒரு கிலோவின் அடக்கம் 20 ரூபாய். 20 கிலோ வீணானால் மிச்சம் 80. அடக்கம் 23 ரூபாய் 75 காசு. வித்தியாசம் 3 ரூபாய் 75 காசு. விவசாயி ஒரு கிலோவுக்கு வாங்கியதே 12 ரூபாய்தான் என்பதை நினைவில் வையுங்கள். அவர் வாங்கியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குப்பைத் தொட்டியில்.

இதை யார் கொடுக்கிறார்கள்? பழம் வாங்கும் நாம் கொஞ்சம் கொடுக்கிறோம். மீதியை விவசாயி கொடுக்கிறார், அவருக்குத் தெரியாமலே. வியாபாரி அனுபவசாலி. இருபது கிலோ போகும் என்று முன்கூட்டியே மனத்தில் கழித்துக்கொண்டுதான் தோட்டத்தில் விலை பேசுவார். ஆகவே விவசாயிக்கு உண்மையில் விலை கூட வேண்டுமானால் சேதம் குறைய வேண்டும். குறைந்தது என்பதை அளந்து காட்டவும் வேண்டும். இன்னொன்று: தோட்டத்திலே ஒரு கிலோ வீணானால் 12 ரூபாய் போகும். அதே கிலோ பழுத்த பிறகு வீணானால் அதன்மேல் ஏறிய கூலி, வாடகை, மின்சாரம் எல்லாம் சேர்ந்து போகும். அதனால் தரம் பிரிப்பதைத் தோட்டத்திலேயே செய்வது லாபம். நகரத்துக்குக் கொண்டுவந்து பொறுக்கிப் போடுவது வாடகை கொடுத்துக் குப்பை வாங்குவது.

சேதத்தின் பெரும்பகுதி காயத்தால் வருவது. பச்சைக் காயில் அடிபட்டது உடனே தெரியாது; பழுத்த பிறகு கறுப்பாக வெளியே வரும். அப்போது எல்லோரும் பழுக்க வைத்தவரைத் திட்டுவார்கள். ஏற்றுமதிக்குத் தார் வெட்டுவதைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். தார் பிஞ்சாக இருக்கும்போதே உறை போட்டிருப்பார்கள். வெட்டிய தாரை மண்ணில் வைக்காமல் மெத்தை வைத்த தோளில் சுமப்பார்கள். சீப்பு பிரித்துத் தண்ணீர்த் தொட்டியில் பால் கழுவி, உலர்த்தி, 13 கிலோ பெட்டியில் அடுக்கி, குளிர்வித்துப் பிறகே கன்டெய்னரில் ஏற்றுவார்கள். 2021-இல் ராவேர் வட்டாரத்துத் தாந்தல்வாடியிலிருந்து புவிசார் குறியீடு பெற்ற ஜல்காவ் வாழை துபாய்க்கு இப்படித்தான் போயிற்று. சோலாப்பூர் மாவட்டத்துக் கர்மாளா பக்கமும் இந்த முறை நன்றாக வேரூன்றிவிட்டது. உலகிலேயே அதிகம் வாழை விளைவிக்கும் நாடு நம் நாடுதான்; ஏற்றுமதியில் நம் பங்கு சிறிது. மீதி எல்லாம் நாமே தின்கிறோம். நாமே தின்னும் பழத்துக்கு இந்தக் கவனத்தில் பாதியாவது வேண்டாமா என்று எனக்குக் கோபம் வருவதுண்டு.

அறையின் கணக்கு

தம்பிகளின் வரைபடத்தில் 10 டன் அறைக்கு ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி. மூன்று போட்டிருந்தார்கள். கணக்குப் போடுவோம். 35 டிகிரியில் வரும் காயைப் பழுக்க வைக்க 17 டிகிரிக்கு இறக்க வேண்டும், 18 டிகிரி. ஒரு கிலோ வாழையை ஒரு டிகிரி குளிர்விக்கச் சுமார் 3.4 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். 10,000 கிலோவுக்கு 6,12,000 கிலோஜூல். அதாவது 170 யூனிட் வெப்பம். இதை 12 மணி நேரத்தில் முடிக்க 14 கிலோவாட், சுமார் 4 டன் குளிர்ச் சக்தி. மூன்று ஏ.சி. சேர்ந்து நாலரை டன் வருகிறதே என்பீர்கள். அங்கேதான் ஏமாற்றம். பழம் மூச்சு விடும் வெப்பம், நாக்பூர் மே மாத வெயில் சுவர் வழியே வருவது, மின்விசிறியின் வெப்பம், கதவு திறக்கும் நட்டம் எல்லாவற்றையும் இதன்மேல் கூட்டினால் என் மதிப்பில் ஏழெட்டு டன்னுக்குக் குறையாது. தவிர, வீட்டு ஏ.சி. காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். இங்கே 90 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் வேண்டும். ஈரம் போனால் எடை போகும். நீங்கள் விற்பது எடையைத்தான்.

காற்று பெட்டிகளைச் சுற்றிப் போனால் போதாது, பெட்டிகளின் ஊடே போக வேண்டும். இல்லையென்றால் சுவரில் மாட்டிய வெப்பமானி 17 காட்டும்; நடுப் பெட்டியின் பழம் 24-இல் இருக்கும். பழத்தின் சதைக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி விலை அதிகமில்லை. அது இல்லாமல் அறை நடத்துவது பிரஷர் கேஜ் இல்லாமல் வண்டி ஓட்டுவது போல.

எத்திலீனுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்துள்ள அளவு 100 பி.பி.எம். வரை. ஒரு நாள் அந்த அளவில் வைத்தால் வாழைக்குப் போதும். பிறகு கதவைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை வெளியேற்ற வேண்டும். அது ஒரு விழுக்காட்டைத் தாண்டினால் பழுப்பது தடைப்படும். எத்திலீன் எரியும் வாயு. காற்றில் 2.7 விழுக்காடு ஆனால் தீப்பற்றும். 100 பி.பி.எம். அதிலிருந்து வெகு தூரம்தான், ஆனாலும் சுத்த வாயு சிலிண்டரை அனுபவமில்லாத பையன் கையில் கொடுக்காதீர்கள். அளவாக வாயு தரும் ஜெனரேட்டர் கருவிகள் கிடைக்கின்றன.

கார்பைட் கல்லைப் பற்றி வீட்டுப் பெண்மணிகள் பலர் கேட்டிருக்கிறார்கள். கால்சியம் கார்பைட் ஈரம் பட்டால் அசிட்டிலின் வாயு வரும். அது எத்திலீன் போல வேலை செய்யும். வெல்டிங் தரக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருப்பதால் பழத்துக்கு அதைப் பயன்படுத்துவது சட்டப்படி தடை. ‘ஒரே சீராக மஞ்சளாக இருந்தால் கல் வைத்தது’ என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அது சரியல்ல. முறையான அறையில் எத்திலீன் விட்டுப் பழுத்ததும் சீரான மஞ்சளாகத்தான் இருக்கும், காம்பு பச்சையாகவும் இருக்கும். பார்வையால் தீர்ப்புச் சொல்ல முடியாது. தோல் மஞ்சளாகி உள்ளே மாவாகச் சப்பென்று இருந்தால் அவசரமாகச் சூட்டில் பழுக்க வைத்தது என்று சந்தேகப்படலாம். பழக்கமான வண்டிக்காரரிடம் எந்த அறையிலிருந்து எடுக்கிறார் என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அவரும் மண்டியில் கேட்பார்.

தம்பிகளுக்கு என் யோசனை இதுதான். முதல் ஆண்டு கட்டடம் வேண்டாம். களமனா சந்தையை ஒட்டி ஏற்கெனவே நடக்கும் அறைகளில் ஏதேனும் ஒன்றில் கொஞ்சம் இடம் வாடகைக்குப் பிடியுங்கள். ராவேர் பக்கம் இருபது விவசாயிகளிடம் நேரே பேசி, உறை போட்டு, தோட்டத்திலேயே சீப்பு பிரித்து பிளாஸ்டிக் கிரேட்டில் அனுப்புபவருக்குக் கிலோவுக்கு இவ்வளவு கூடுதல் என்று எழுதிக் கொடுங்கள். சீப்பு பிரித்து எடை போட்டால் தண்டுக் கழிவுத் தகராறும் ஒழியும். காலி கிரேட் திரும்பி வருவதற்கும் வாடகை உண்டு. பல திட்ட அறிக்கைகளில் அது மறந்துபோகும். ஒவ்வொரு லோடிலும் எவ்வளவு வந்தது, எவ்வளவு விற்றது, எவ்வளவு எறிந்தது என்று நோட்டில் எழுதுங்கள். சிராவண மாத விரதம், கணபதி, நவராத்திரி, ரம்ஜான் ஆகிய நாட்களில் தேவை ஏறும். அறையில் நாலைந்து நாள், வழியில் ஒரு நாள் என்று பின்னோக்கி எண்ணித்தான் தார் வெட்டச் சொல்ல வேண்டும். கடைக்கு அனுப்பும்போது பழம் பாதி மஞ்சளாக இருந்தால் போதும். மீதி இரண்டு நாள் கடைக்காரருடையது.

பழுக்க வைக்கும் அறைக்குத் தோட்டக்கலை இயக்கத்தின் கீழ் சமவெளிப் பகுதிகளில் 35 விழுக்காடு என்ற அளவில் மானியம் வந்திருக்கிறது. அது வங்கிக் கடனோடு இணைந்தது. கட்டி முடித்து அதிகாரிகள் பார்த்த பிறகே வரும். அதுவரை வட்டி ஓடும். அந்த மாதங்களின் வட்டியைச் செலவில் எழுதிப் பாருங்கள். பணிக்கொடைப் பணத்தை அந்த இடைவெளியை அடைக்க வைத்திருக்கலாம். சுவர் எழுப்ப வேண்டாம்.

ஓர் ஆண்டு நோட்டைக் கொண்டுவாருங்கள். சேதம் எட்டு விழுக்காட்டுக்குள் வந்திருந்தால் நானே உங்களோடு வங்கிக்கு வருகிறேன். அறையின் சுவர்க் காப்பு, காற்றுப் போக்கு ஆகியவற்றின் வரைபடத்தை வேறு யாராவது பார்த்துக் கேட்க விரும்பினால், ஞாயிறு மாலைகளில் சங்க நூலகத்தில் இருப்பேன்.